அம்மாவுக்கு வாசித்துக் காட்டாத கதை: எழுத்து வகுப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவைப் பற்றி

திருநெல்வேலிச் சீமையில் உள்ள ஒரு கல்லூரியின் தமிழ்த்துறையில் இருபது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். அதே துறையில் என்னோடு இருந்த எழுத்தாளர் ஒருவரின் வகுப்பில் 2014-15இல் நடந்ததையும், அது அவருடைய எழுத்தையும் கற்பித்தலையும் எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதையும் எழுதியிருக்கிறேன். வெளியிடும் முன் எழுத்தாளர் இதை வாசித்தார். மாணவியும் வாசித்தார்; அவர் கேட்டபடி இரண்டு இடங்களில் அடையாளங்களை மாற்றினேன். மாணவியின் தாயாருக்கு மாணவியே வாசித்துக் காட்டினார். இதையெல்லாம் ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

பின்னணி

எழுத்தாளர் பிறந்தது கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள ஒரு கிராமத்தில். 1980களின் கடைசியில் சிறுபத்திரிகைகளில் அவர் கதைகள் வரத் தொடங்கின. ஆறு வருடம் பள்ளி ஆசிரியை, அப்புறம் கல்லூரி. நான் அவரை முதலில் சந்தித்தபோது இரண்டு சிறுகதைத் தொகுதிகளும் ஒரு நாவலும் வந்திருந்தன. துறையில் அவருக்குக் கொடுத்திருந்த பாடங்கள் நன்னூலும் நாட்டுப்புறவியலும். கதை எழுதுகிறவரிடம் கதை பற்றி ஒரு வகுப்பு கேட்க வேண்டும் என்று எட்டு வருடமாக யாருக்கும் தோன்றவில்லை. விழா மேடைகளில் அவரை அறிமுகப்படுத்தும்போது, "எழுதவும் செய்வாங்க" என்று கடைசியில் ஒரு வரி சேர்ப்போம். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

புதுமைப்பித்தன் படித்த ஊர் இது. எங்கள் மாணவர்கள் புதுமைப்பித்தனைப் பற்றிப் பத்துப் பக்கம் கட்டுரை எழுதுவார்கள். தங்கள் தெருவைப் பற்றி அரைப்பக்கம் எழுதச் சொன்னால் முழிப்பார்கள். 2009 பாடத்திட்ட மாற்றத்தில் முதுகலைக்குப் 'படைப்பிலக்கியப் பயிற்சி' என்று ஒரு விருப்பப்பாடம் வந்தபோது அவர் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். துறைக் கூட்டத்தில் ஒரு பேராசிரியர், "எழுத்தைச் சொல்லிக்கொடுக்க முடியுமா?" என்று கேட்டார். அதற்கு எழுத்தாளர், பள்ளிப்படிப்பையே முடிக்காத கி. ராஜநாராயணனைப் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அழைத்துப் பேராசிரியராக வைத்துக்கொண்டதை நினைவூட்டிவிட்டு, "சொல்லிக்கொடுக்க முடியுமான்னு தெரியாது. பக்கத்துல உட்கார்ந்து செய்யமுடியும்" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

பாடத்தின் அமைப்பு அவருக்குச் சாதகமாக இல்லை. 100 மதிப்பெண்ணில் 75 எழுத்துத் தேர்வுக்கு. அதில் சிறுகதையின் கூறுகளை விளக்குக என்பது போன்ற கேள்விகளே வரும். மாணவர் ஒரு கதைகூட எழுதாமல் முதல் வகுப்பில் தேறிவிடலாம். மீதி 25 மட்டும் அவர் கையில் இருந்தது. அந்த 25க்காக மாணவர்கள் வாரம் ஒரு நோட்டுப் பக்கம் எழுத வேண்டும் என்று வைத்தார்.

வகுப்பில் கண்டது

முதல் ஆண்டு முதல் வாரம். காலை ஆறு மணிக்கு உங்கள் தெருவில் என்ன நடக்கிறது என்று எழுதச் சொன்னார். வந்த பதினாலு பக்கங்களில் ஒன்பதில் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டினான். பறவைகள் பண் இசைத்தன. தெரு இல்லை. யாரையும் அவர் திட்டவில்லை. நோட்டுகளை மூடச் சொல்லிவிட்டு ஒவ்வொருவரிடமும் வாயால் கேட்டார்: ஆறு மணிக்கு உன் வீட்டில் முதலில் கேட்கும் சத்தம் என்ன? பால்காரரின் டிவிஎஸ் வண்டி, புறவாசலில் பாத்திரம் கழுவும் சத்தம், பக்கத்து வளவில் ஒரு தாத்தாவின் இருமல் என்று வரிசையாக வந்தன. அவற்றை அப்படியே எழுதச் சொன்னார்.

அடுத்து வந்தது சொல் பிரச்சினை. பேச்சில் 'தார்சா' என்று சொன்ன பையன் எழுதும்போது 'தாழ்வாரம்' என்று எழுதினான். 'வெஞ்சனம்' 'தொடுகறி' ஆயிற்று. பள்ளியில் சிவப்பு மையால் அடித்து அடித்துப் பழக்கியிருந்தார்கள். கி.ரா. தொகுத்த கரிசல் வட்டார வழக்கு அகராதியை எழுத்தாளர் மேசைமேல் வைத்தார். இந்தச் சொற்களுக்கும் அச்சில் இடம் உண்டு என்று கண்ணால் பார்க்கட்டும் என்பதற்காக. இரண்டு மூன்று வருடத்தில் நோட்டுகளின் மணமே மாறிவிட்டது. வெளித்தேர்வாளர்கள் சிலர் வட்டார வழக்குக்கு மதிப்பெண் குறைத்தார்கள். அது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

ஒன்றை மட்டும் நாங்கள் யாரும் அப்போது கவனிக்கவில்லை. தெருவை உள்ளபடி எழுது என்று சொல்லிக்கொடுத்தோம். அந்தத் தெருவில் இருப்பவர்களுக்கு அந்தப் பக்கம் என்ன செய்யும் என்பதைப் பற்றி ஐந்து வருடமாக ஒரு வகுப்புகூட நடக்கவில்லை.

அந்தக் கதை

2014இல் வகுப்பில் இருந்த மாணவி ஆலங்குளம் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவர். அந்தப் பகுதி அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பரில்தான் தென்காசி மாவட்டம் ஆனது. முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள். மாணவியின் தாயார் 22 வருடமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் மாணவிதான்.

ஆறு மணிப் பக்கத்தில் அவர் எழுதியது, நனைத்து வைத்த பீடி இலையைத் தாயார் உதறும் சத்தம். அந்தப் பக்கம் மெல்ல மெல்லக் கதையாக வளர்ந்தது. இலையை நனைப்பது, தகட்டை வைத்து அளவாக வெட்டுவது, தூள் வைத்துச் சுருட்டி நூல் கட்டுவது, மடியில் வைத்த சொளவு, இலையும் தூளும் கொடுத்துவிட்ட பீடிக் கடைக்குச் சாயங்காலம் கட்டுகளைக் கொண்டுபோவது எல்லாம் அதில் இருந்தன. கடையில் கணக்குப் பார்க்கிறவர் கட்டைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்து, தினமும் இரண்டு கட்டைக் கழிவு என்று மூலையில் எறிகிறார். அவற்றுக்குக் கூலி கிடையாது. கதையில் வரும் சிறுமி ஒருநாள் கடை அடைக்கும்வரை நிற்கிறாள். மூலையில் கிடந்த கட்டுகளும் அதே சாக்குக்குள் போவதைப் பார்க்கிறாள்.

ஆறு பக்கம். இத்தனை வருடத்தில் எங்கள் துறையில் எந்த மாணவரும் எழுதியதில் அதைவிட நல்லதை நான் படிக்கவில்லை. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

துறையின் ஆண்டு மலரில் அதைச் சேர்த்தோம். மலருக்கு எழுத்தாளரும் நானும் பொறுப்பு. பாளையங்கோட்டையில் அச்சகம், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் வர வேண்டும் என்ற அவசரம். மெய்ப்புப் பார்க்கும்போது எழுத்தாளர் ஓர் இடத்தில் பேனாவை நிறுத்தினார். கதையில் கணக்குப் பார்க்கிறவருக்கு இருந்தது அந்தத் தெருவே அவரைக் கூப்பிடும் பட்டப்பெயர். "இத மாத்திரலாமா?" என்று கேட்டார். வேண்டாம், அந்தப் பெயரில்தான் கதையின் உயிரே இருக்கிறது என்று சொன்னவன் நான். மாணவியைக் கேட்டோம், அவரும் இருக்கட்டும் என்றார். பெயர் அப்படியே போயிற்று. கதைக்குள் ஊர் வேப்பமரமும் கோயிலும்கூட மாறாமல் இருந்தன.

இலை நின்றது

மலர் 300 பிரதி. டிசம்பர் மூன்றாம் வாரம் கொடுக்கத் தொடங்கினோம். எங்கள் கல்லூரியிலேயே வணிகவியல் படித்த ஒரு பையன் அதே கிராமம், கணக்குப் பார்க்கிறவருக்குச் சொந்தம். ஆறு பக்கத்தையும் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். பையன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. தன் பெரியப்பாவைப் பற்றி அச்சில் வந்ததைத் தன் வீட்டுக்குக் காட்டினான், அவ்வளவுதான்.

2015 ஜனவரி, பொங்கலுக்கு முந்தைய வாரம். மாணவியின் தாயார் கடைக்குப் போனபோது "இலை இல்ல, பொறவு வா" என்றார்கள். மறுநாளும் அதே பதில். நாலாம் நாள், உன் வேலை அட்டையை முடித்துவிடப்போகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். காரணம் ஐந்தாம் நாள்தான் தெரிந்தது, அதுவும் பக்கத்து வீட்டு மயினி சொல்லி. வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டிருக்கிறார்: "ஏட்டி, என்னத்தட்டி எழுதி வச்ச?"

தாயாருக்கு வாசிக்கத் தெரியாது. தன்னைப் பற்றிய கதை ஒன்று இருப்பதே அன்றுதான் அவருக்குத் தெரியும். அதில் என்ன இருக்கிறது என்பதையும் தெருவில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்லித்தான் கேட்டார். மாணவி மறுநாள் வகுப்புக்கு வரவில்லை. மூன்றாம் நாள் எழுத்தாளருக்கு போன் செய்தார்.

எடுத்த முடிவுகள்

அந்த நாட்களில் கல்லூரிகளில் ஒருவிதப் பயம் இருந்தது. நாமக்கல்லில் அரசுக் கல்லூரி ஆசிரியராக இருந்த எழுத்தாளர் பெருமாள்முருகன், தன் நாவலுக்கு எழுந்த எதிர்ப்பை அடுத்து இனி எழுதப்போவதில்லை என்று அறிவித்தது அதே மாதம்தான். அதற்கு மறுவருடம் ஜூலையில்தான் உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆகவே எங்கள் நிர்வாகம் விஷயம் பெரிதாகும் முன் முடிக்கப் பார்த்தது. இரண்டு காரியங்களைக் கேட்டார்கள்: மீதிப் பிரதிகளில் அந்த ஆறு பக்கத்தையும் கிழித்துவிட வேண்டும், மாணவி மன்னிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டும்.

கடிதத்துக்கு எழுத்தாளர் ஒத்துக்கொள்ளவில்லை. மாணவி எழுதியது பொய் இல்லை. மன்னிப்பு என்று ஒரு தாள் கையெழுத்தானால், நாளைக்கு எந்தப் பெண் கழிவுக் கட்டைப் பற்றிக் கேட்டாலும் அந்தத் தாளைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். முதல்வரிடம் இதைத்தான் சொன்னார். வேண்டுமென்றால் பொறுப்பாசிரியர் என்ற முறையில் தன் பெயரில் விளக்கம் தருகிறேன் என்றார். அப்படியே எழுதியும் கொடுத்தார். பட்டப்பெயரை அச்சிட்டது பதிப்பாசிரியர்களின் தவறு என்று அதில் இருந்தது. நானும் கையெழுத்துப் போட்டேன்.

பக்கங்களைக் கிழிக்கவும் அவர் விடவில்லை. ஆனால் மீதி 180 பிரதிகளை விநியோகிக்காமல் நிறுத்த அவரே முன்வந்தார். அப்போது எனக்கு அவரோடு பெரிய வாக்குவாதம். இது பணிந்துபோவது என்று சொன்னேன். "ஒவ்வொரு பிரதியிலயும் அந்தப் பேரு போகுது சார். நமக்கு ஒண்ணும் ஆகாது. அந்தம்மாவுக்குத்தான் ஆகும்" என்றார். எனக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று. நான் கதையைக் காப்பாற்றப் பார்த்தேன், அவர் ஆளைக் காப்பாற்றப் பார்த்தார்.

மூன்றாவது முடிவு ஊருக்குப் போவது. பீடிக் கடைக்கு நேராகப் போகலாம் என்றோம். முதலில் தாயாரிடம் போக வேண்டும் என்றார். பீடித் தொழிலாளர் சங்கத்தில் வேலை செய்யும் ஓர் அம்மாவையும் அழைத்துக்கொண்டோம்.

தார்சாவில் வாசித்தது

போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எழுத்தாளர் தார்சாவில் தரையில் உட்கார்ந்து, "உங்ககிட்ட கேக்காம அச்சுல போட்டுட்டோம்மா. மொதல்ல அத வாசிச்சுக் காட்டுறேன். அப்புறம் எங்கள என்ன வேணும்னாலும் சொல்லுங்க" என்றார். ஆறு பக்கத்தையும் வாசித்தார். மாணவி அடுக்களை நிலைப்படியில் நின்றார்.

தாயார் நடுவில் பேசவே இல்லை. வாசித்து முடித்ததும் முதலில் சொன்னது, "ரெண்டு கட்டு இல்ல, மூணு கட்டு." கொஞ்ச நேரம் கழித்து வேறொன்று சொன்னார். கணக்குப் பார்க்கிறவர் அந்தக் கட்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. மேலே கம்பெனி இலையை எடை குறைத்துத்தான் அனுப்பும். அந்தக் குறையைக் கடையில் சரிக்கட்டச் சொல்லி அவரை நெருக்குவார்கள். "அவன் மேல மட்டும் எழுதிட்டாளே. இவ சின்னப்பிள்ளையா இருக்கையில மஞ்சக்காமாலை வந்து கெடந்தா. அப்ப ஐந்நூறு ரூவா குடுத்தது அவன்தான்."

நாங்கள் மூவரும் பேசாமல் இருந்தோம். மாணவிக்கே அந்த ஐந்நூறு ரூபாய் தெரியாது. கதையில் இல்லாமல் போன பாதி அந்தத் தார்சாவிலேயே இருந்திருக்கிறது. அச்சுக்குப் போகும் முன் ஒரு மத்தியானம் வாசித்துக் காட்டியிருந்தால் தாயாருக்கு வேலை போயிருக்காது. கதையும் இன்னும் பெரிய கதை ஆகியிருக்கும். இந்த நிகழ்வை எழுத வேண்டும் என்று எனக்குப் பட்டது இதனால்தான். எழுதப்படுகிறவரிடம் கேட்பதைச் சுதந்திரத்துக்கு விழும் பூட்டு என்றே நான் அதுவரை நினைத்திருந்தேன்.

சங்கத்து அம்மா சட்டத்தைச் சொன்னார். அப்போது நடைமுறையில் இருந்த 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டப்படி வீட்டிலிருந்து சுற்றுகிறவர்களும் தொழிலாளர்கள்தாம். ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இல்லாமல் நிறுத்தக் கூடாது. இல்லையென்றால் அதற்கான கூலி கொடுக்க வேண்டும். மனுக் கொடுத்தால் நிற்கும் என்றார். தாயார் மறுத்துவிட்டார். "கேசப் போட்டுட்டு நான் இந்தத் தெருவுல நடக்கணும்லா?" எழுத்தாளர் வற்புறுத்தவில்லை. மனு, போராட்டம் என்று நாங்கள் பேசுவது சுலபம். சாயங்காலம் பஸ் ஏறித் திருநெல்வேலி வந்துவிடுவோம்.

கடைசியில் சங்கத்து அம்மா கம்பெனியின் வட்டார ஆட்களிடம் பேசி, அதே கம்பெனியின் வேறொரு கடைக்கு அட்டையை மாற்றிக் கொடுத்தார். இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். மொத்தம் 24 நாள் கூலி போயிற்று. அந்த நாட்களில் கட்ட வேண்டிய மகளிர் குழுத் தவணையை எழுத்தாளர் கட்டினார். தாயார் அதைக் கடன் என்று சொல்லித்தான் வாங்கினார். சித்திரையில் முழுப் பணத்தையும் ஒரு கொட்டான் கருப்பட்டியோடு மகளிடம் கொடுத்தனுப்பினார்.

அதன்பின்

மாணவி முதுகலையை முடித்தார். அதற்கப்புறம் கதை எழுதவில்லை. வகுப்பு நோட்டில் மீதி வாரங்களுக்குக் கோலம், கோயில் கொடை, மழை என்று யாரையும் தொடாத பக்கங்களைக் கொடுத்தார். இந்த நிகழ்வில் எங்களால் சரிசெய்ய முடியாமல் போனது அது. எழுத்தாளர் அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குரல் தாழ்ந்துவிடும்.

அடுத்த ஆண்டிலிருந்து வகுப்பு மாறியது. அச்சுக்குப் போகும் எந்தப் பக்கமும் முதலில் அதில் வருகிறவருக்கு வாசித்துக் காட்டப்பட வேண்டும் என்று வைத்தார். பட்டப்பெயர், கோயில், தெரு அடையாளம் எல்லாவற்றையும் மாற்றலாம். வேலையின் விவரத்தை மாற்றக் கூடாது. இலை வெட்டுகிற தகட்டை மாற்றினால் கதை பொய்யாகிவிடும், வேப்பமரத்தைப் புளியமரமாக்கினால் ஆகாது. இப்படிச் சொல்லித்தான் விளக்குவார்.

அந்த விதி ஒரு வருடத்தில் முட்டி நின்றது. சாதித் தகராறில் தன் அண்ணன் அடிபட்டதை ஒரு மாணவர் எழுதியிருந்தார். கதையில் வருகிறவருக்கு வாசித்துக் காட்டு என்றால், அடித்தவர்களிடம் போய் வாசிப்பதா என்று நேராகவே கேட்டார். நியாயமான கேள்வி. எழுத்தாளர் அந்த வகுப்பிலேயே விதியைத் திருத்தினார்: அச்சானால் யார் தலையில் விடியுமோ அவரிடம் வாசி. அண்ணனிடமும் அம்மாவிடமும் வாசிக்க வேண்டும், அடித்தவரிடம் தேவையில்லை. அண்ணன் கேட்டுவிட்டு, போடு என்றார், ஆனால் தம்பியின் பெயர் வேண்டாம் என்றார். புனைபெயரில் வந்தது.

எழுத்தாளருடைய சொந்த எழுத்தும் நின்றது. அப்போது தன் சித்தியின் வாழ்க்கையை வைத்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தார், பாதிக்கு மேல் முடிந்திருந்தது. சித்தி இறந்துவிட்டிருந்தார். கையெழுத்துப் பிரதியைத் தூக்கிக்கொண்டு சித்தி மகளிடம் போய், நாலைந்து முறை உட்கார்ந்து வாசித்தார். இரண்டு அத்தியாயங்களை அந்த அக்கா வேண்டாம் என்றார். எழுத்தாளர் எடுத்துவிட்டார். அந்த இரண்டையும் நான் படித்திருக்கிறேன். எடுத்திருக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதே அக்கா சொன்ன ஒரு சேதியிலிருந்து புதிதாக ஓர் அத்தியாயம் வந்தது. புத்தகம் 2019இல் வெளியானது. 2022இல் அவர் ஓய்வு பெற்றார்.

மீண்டும் நடந்தால் என்ன மாற்றுவோம்

மெய்ப்பில் பேனா நின்ற இடத்தில் நாங்களும் நின்றிருப்போம். ஒருவருக்குச் சந்தேகம் வந்தால் அந்தப் பக்கம் அந்த வருட மலரில் இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். அச்சகத்தின் தேதி ஒரு காரணமே இல்லை. மாணவியைக் கேட்டோம் என்பதைச் சமாதானமாக நான் ரொம்ப நாள் வைத்திருந்தேன். இருபத்தொரு வயதுப் பிள்ளை, தன் முதல் கதை அச்சில் வரும் சந்தோஷத்தில் இருக்கிறது. அதனிடம் மாற்றலாமா என்று கேட்டால் என்ன சொல்லும்? ஆபத்தை எடைபோட வேண்டியது அனுபவமுள்ள நாங்கள். அதைப் பிள்ளையின் தலையில் வைத்தோம்.

வணிகவியல் பையனிடமும் யாராவது பேசியிருக்க வேண்டும். செய்யவில்லை. அவன் மூன்றாம் ஆண்டு முழுவதும் எங்கள் துறைப் பக்கமே வராமல் படித்துவிட்டுப் போனான்.

இன்னொன்றும் உண்டு. மாணவி மறுபடி எழுத வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் அவரை அடிக்கடி கேட்டோம். நல்ல எண்ணம்தான். ஆனால் ஒவ்வொரு முறை கேட்டபோதும் அந்த ஜனவரியைத்தான் அவருக்கு நினைவூட்டினோம் போலிருக்கிறது. அவர் போக்கில் விட்டிருக்கலாம்.

பிரதிகள்

விநியோகிக்காத 180 பிரதிகளையும் எழுத்தாளர் தன் வீட்டில் கட்டிவைத்திருந்தார். வீடு சிந்துபூந்துறைப் பக்கம், ஆற்றுக்குக் கிட்டே. 2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது கீழ்த்தளத்தில் இருந்த புத்தகங்களோடு அந்தக் கட்டுகளும் நனைந்து கூழாகிவிட்டன. என் பிரதி எங்கே என்று நானும் தேடினேன், கிடைக்கவில்லை.

தண்ணீர் வடிந்த சில வாரங்களில் மாணவிக்கு போன் செய்தேன். இப்போது அவர் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியை. அவரிடம் ஒரு பிரதி பத்திரமாக இருக்கிறது. பெயரை மாற்றி, அம்மா சொன்ன அந்த ஐந்நூறு ரூபாயையும் சேர்த்துத் திரும்ப எழுதிப் பார்க்கலாமா என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்று மேலே எழுதியிருக்கிறேன், ஆனாலும் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அம்மா இன்னும் அந்தக் கம்பெனி அட்டையிலதான் ஐயா சுத்துறாங்க. பி.எப். பணத்த எடுக்கட்டும். அப்புறம் பாப்போம்."